மாவுக்கட்டு பிரிக்கும் நாள்

பத்து நாளாக மகள் கட்டுக்குள் அரிக்கிறது என்று சொல்லவே இல்லை. அதுதான் பிச்சைமுத்துவுக்குப் பயத்தைக் கொடுத்தது. கட்டுப் போட்ட புதிதில் துடைப்பக்குச்சியை உள்ளே விட்டுச் சொறியச் சொல்லி ஓயாமல் அழுத பெண், இப்போது அவர் தோளில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டு வருகிறாள்.

"உள்ள வலிக்குதா நாயகி?"

"இல்லப்பா."

"அரிக்குது கிரிக்குதா?"

"ஒண்ணும் இல்லப்பா."

போச்சு, கை மரத்தே போய்விட்டது என்று அவர் முடிவு கட்டினார். ஏழு வயதுப் பெண்ணின் வலது முன்கை. விழுந்ததும் அவர் ஓட்டிய சைக்கிளிலிருந்துதான். அந்தக் குற்ற உணர்வில், களைவெட்டப் போய்த் திரும்பியதும் கையைக் கழுவிக்கொண்டு அவரே பிசைந்து ஊட்டுவார். மகளைத் தரையில் நடக்கவிடுவதும் இல்லை.

மூன்று வாரத்தில் கட்டுப் பிரிக்க வரச் சொல்லியிருந்தார் கள்ளக்குறிச்சி டாக்டர். அந்த நாள் பார்த்து இடஒதுக்கீடு கேட்டு மறியல். புளியமரங்களை வெட்டிச் சாலையில் சாய்த்துவிட்டார்கள், ஒரு வாரமாக பஸ் இல்லை.

"நாள் தாண்டிட்டா எலும்பு மாவோட ஒட்டிக்கும்பா" என்று டீக்கடை வீரமுத்து வேறு கொளுத்திப் போட்டார். அவ்வளவுதான், மகளைத் தூக்கிக்கொண்டு தியாகதுருகத்திலிருந்து நடையைக் கட்டிவிட்டார் பிச்சைமுத்து.

வழியில் சாய்ந்து கிடந்த மரத்தருகே மறியல்காரர்கள் நிறுத்தினார்கள். கட்டைப் பார்த்ததும் மனமிரங்கி, அவர்களே குழந்தையைக் கைமாற்றி மரத்துக்கு அந்தப் பக்கம் விட்டார்கள். ஒருவர் கொய்யாப்பழம் கொடுத்தார்.

"அடி கையிலதான? காலு நல்லாத்தான இருக்குது? இன்னாத்துக்கு இவ்ளோ தூரம் தூக்கிக்கினு வர்ற?"

"பாவங்க, கொழந்த."

பிச்சைமுத்து கொய்யாவைக் கடித்துத் துண்டாக்கி ஊட்டினார். குழந்தையும் பாவமாகத்தான் வாயைத் திறந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரின் காலில் விழாத குறை.

"எட்டு நாள் தாண்டிப்போச்சு சார். அரிப்புகூட இல்லன்றா. கை போயிடுச்சுங்களா?"

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யாருங்க சொன்னது? கொழந்தைங்க எலும்பு பச்சை விளாறு மாதிரி, பட்டுனு ஒடியாது. இவளுக்குப் பாதி முறிஞ்சு வளைஞ்சிருந்தது, அவ்ளோதான். உங்களுக்கு ஒடைஞ்சா கூடறதுக்கு ரெண்டு மாசம் ஆவும், இவளுக்கு மூணு வாரம் போதும். ஒரு வாரம் ஜாஸ்தியானா ஒண்ணும் கெட்டுடாது."

பிச்சைமுத்துவுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆனாலும் டாக்டர் பெரிய கத்தரியைக் கையில் எடுத்ததும் குறுக்கே கை நீட்டினார்.

"பாத்து மெதுவா வெட்டுங்க சார். ஒரு மாசமா அந்தக் கைய அசைக்கக்கூட இல்ல, பாவம்."

நாயகி கத்தரியைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு டாக்டரிடம் மெல்லச் சொன்னாள்.

"வெட்ட வோணாம் சார், எப்பவும் போல நானே கழட்டிக் குடுத்துடறேன்."