பார்த்ததை மட்டும் சொல்லணும்

கண் தெரியாத பொம்பளைகிட்ட ஒரு மனுஷன் இப்படியா புளுகுவான்?

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே மழை. கால்பந்து மைதானத்து ஸ்டாண்டில் ஈ, காக்கா இல்லை. இடைவேளைக்குள் நாலு கோல் வாங்கிக் கிடக்கிறோம். மேலே கண்ணாடி அறையில், நான் வாசலில் நிற்பதைக்கூடக் கவனிக்காமல், நாரிஸ் மைக்கைப் பிடித்துக்கொண்டு அளக்கிறார்.

"எனிட், இன்னிக்குக் கூட்டம் பிதுங்குது! கொடியெல்லாம் என்னமா ஆடுது தெரியுமா? டிரம் பக்கத்துல நம்ம ஸ்டான்லி. டீக்கடைகிட்ட மாவிஸ், மஞ்சள் ஸ்கார்ஃப் போட்டுக்கிட்டு நிக்கிறா. இந்தப் பக்கம் பாத்துக் கைய ஆட்டுறா!"

ஸ்டான்லி போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகிறது. மாவிஸ், நாரிஸின் மனைவி. போன கோடையில் அவள் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

கீழே, வழக்கமான சீட்டில், ஹெட்போனை மாட்டிக்கொண்டு எனிட் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் ஹேல்டன் டவுன் ரசிகர் சங்கத்தில் யாருக்கும் சம்பளம் கிடையாது. வெளியூர் ஆட்டத்துக்கு பஸ் பிடிப்பது, டீ போடுவது, ஸ்டாண்டைக் கூட்டுவது, எல்லாம் நாங்களேதான். கண் தெரியாத ரசிகர்களுக்கு ஹெட்போனில் ஆட்டத்தைச் சொல்வதும் அதில் ஒன்று. அதற்கு ஒரே விதி: பார்த்ததை மட்டும் சொல்லணும். அவர்கள் நம் கண்ணை நம்பி உட்கார்ந்திருக்கிறவர்கள்.

ஒரு காலத்தில் அந்த வரிசையே நிறைந்திருக்கும். இப்போது எனிட் ஒருத்தர்தான். ஹெட்போன்களும் ஒவ்வொன்றாகப் பாழாகி, மிஞ்சியது அவர் காதில் இருப்பது மட்டும். சங்கத்துச் செயலாளர் என்கிற முறையில் மீட்டிங்கில் நானே எழுந்து சொல்லிவிட்டேன்.

"இனி புதுசு வாங்க நமக்கு வக்கில்ல. அந்தக் கடைசி ஹெட்போனும் போச்சுன்னா, இந்த வேலையை மூட்டை கட்டிடுவோம்."

ஒருத்தரும் மறுத்துப் பேசவில்லை. பேசி என்ன ஆகப்போகிறது? மைதானத்தையே வீடு கட்டுகிறவனுக்கு விற்றாயிற்று. இந்த சீசனோடு கிளப்புக்கே பால் ஊற்ற வேண்டியதுதான்.

இடைவேளை விசில் ஊதியதும் நாரிஸைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன சொல்லிக்கிட்டிருக்கீங்க நாரிஸ்? எங்க இருக்கு கூட்டம்?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அவங்களுக்குத் தெரியவா போவுது கிளிஃப்?"

"அதுக்காக? செத்தவங்களையெல்லாம் கூட்டிட்டு வந்து உக்கார வைப்பீங்களா?"

மைக்கைத் துணியால் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"வாரம் பூரா வீட்ல சுவத்தோடதான் பேச்சு. இங்கதான் ஒரு ஜீவன் நான் சொல்றதைக் காது குடுத்துக் கேக்குது. அவங்ககிட்ட போய் காலி சீட்டைப் பத்தி என்னப்பா சொல்றது?"

கேட்கப் பாவமாகத்தான் இருந்தது. அதற்காக விட்டுவிட முடியுமா?

"எனிட்கிட்ட உண்மையைச் சொல்லப்போறேன். அவங்க ஒரு வார்த்தை வருத்தப்பட்டாலும் மைக்கை வாங்கிடுவேன்."

"சொல்லிக்கோ" என்றார். குரலே எழும்பவில்லை.

டீயை வாங்கிக்கொண்டு போய் எனிட் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினார்.

"கிளிஃப்தானே? ஷூ சத்தத்துலயே தெரிஞ்சுது. என்ன கண்ணு, மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கியா?"

"எனிட், மனசைத் திடப்படுத்திக்கோங்க. நாரிஸ் உங்ககிட்ட பொய் சொல்றாரு."

"அப்படியா? என்ன பொய்?"

எல்லாவற்றையும் கொட்டினேன். கூட்டம், கொடி, ஸ்டான்லி. மாவிஸ் பெயரைச் சொன்னதும் அவர் கையில் டீக்கோப்பை அப்படியே நின்றது.

"மாவிஸ் வந்திருக்கான்னா சொன்னான்?"

"ஆமா. கைய ஆட்டுறாளாம்."

"பாவி மனுஷன்..." கோப்பையைக் கீழே வைத்தார். "இன்னும் அவளை விடலையா அவன்?"

"இப்பதானே சொன்னாரு? நீங்ககூட தலையாட்டினீங்களே!"

இரண்டாம் பாதிக்கு விசில் ஊதினார்கள். எவனோ உதைத்த பந்து, பின்னால் காலி சீட்டுகளில் பட்டுத் தடதடவென்று உருண்டது.

"இந்தச் சத்தம் எனக்குக் கேக்காதா கண்ணு? எனக்குப் பார்வைதான் இல்ல. கூட்டம் இல்லாததும் தெரியும், நாலு வாங்கினதும் தெரியும். இப்ப என்ன, மைக்கை வாங்கப்போறியா?"

"வாங்கித்தான் ஆகணும். உங்களை ஏமாத்துறாரே!"

கழுத்தில் கிடந்த ஹெட்போனைக் கழற்றி, தடவித் தடவி என் காதில் மாட்டிவிட்டார்.

நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் நாரிஸ் மைக்கில் கவிழ்ந்து, கையை வீசி வீசிப் பேசிக்கொண்டிருந்தார்.

என் காதில் ஒரு சத்தமும் இல்லை. பட்டனைத் திருகினேன். தட்டினேன். உயிரே இல்லை.

"கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே போயிடுச்சு" என்றார் எனிட். "நீதானே மீட்டிங்ல சொன்ன, இதுவும் போனா மூட்டை கட்டிடலாம்னு."

ஹெட்போனைக் கழற்றிக் கையில் பிடித்தேன்.

அவர் கையை நீட்டினார்.

"சீக்கிரம் குடு கண்ணு, நான் தலையாட்டணும். அவன் மேல இருந்து பாத்துக்கிட்டிருப்பான்."