வீட்டு ரிசல்ட்

இப்போதெல்லாம் எந்த வீட்டில் எந்தக் கட்சிக்கு அதிக ஓட்டு விழுகிறதோ, அந்தக் கட்சியின் திட்டம்தான் அந்த வீட்டுக்கு. சிங்காரவேலுவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். தண்ணீரைக்கூட மனைவி வள்ளியம்மை அளந்துதான் கொடுப்பாள். சீப்புக் கட்சி ஜெயித்தால் டயாலிசிஸ் இலவசமாகத் தொடரும். வாளிக் கட்சி ஜெயித்தால் அது நின்றுவிடும். ஆனால் மகனுக்கு அரசு வேலை கிடைக்கும்.

“இதுல யோசிக்க என்னப்பா இருக்கு? எல்லாரும் சீப்புக்குத்தான் போட்டோம்,” என்றான் மகன் கதிரேசன். மருமகளும் தலையாட்டினாள். வள்ளியம்மை மை வைத்த விரலைக் காட்டிச் சிரித்தாள்.

சாயங்காலம் வீட்டு ரிசல்ட் வந்தது. வாளி மூன்று, சீப்பு ஒன்று. அந்த ஒன்று தான் போட்டது என்று சிங்காரவேலுவுக்குத் தெரியும்.

வள்ளியம்மை சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

“தாகம் தீரக் குடிங்க. இனிமே என்னத்துக்கு அளந்துக்கிட்டு?”