யார் இழுத்த வயர்?

“யக்கா, இது கம்ப்யூட்டருக்குப் போடுத நெட் கேபிளுல்லா! இதுலயா கிரைண்டருக்குக் கரண்டு குடுத்துருக்கு?”

சுவரிலிருந்து பிடுங்கிய நீல வயரை எலக்ட்ரீஷியன் வன்னியராஜ் உயர்த்திக் காட்டினான். நடுவில் அது உருகிக் கருகியிருந்தது.

முக்கூடலில் இட்லி மாவு அரைத்து விற்கும் சாலோமி தலைகுனிந்து நின்றாள். மூலையில் அவள் மகள் எஸ்தர், வலது கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். காலையில் அந்த வயரில் கை பட்டுத் தூக்கி வீசப்பட்டவள்.

வாசலில் அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். பக்கத்து வீட்டு ஹமீது பீவிதான் வன்னியராஜைக் கூட்டி வந்திருந்தாள்.

“உள்ள பாருங்க, முடி கணக்கா கம்பி. கிரைண்டர் இழுக்குத கரண்ட இது தாங்குமா? சூடேறி, மேல் உறை உருகி, கம்பி வெளிய வந்துட்டு. பிள்ள பொழைச்சதே பெருசு. வீடே எரிஞ்சிருக்கும்.”

“தெரியாமப் போச்சு தம்பி.”

“உங்களுக்குத் தெரியாது. இழுத்தவனுக்குத் தெரியாதா? யாரு அவன்?”

“யாரோ… வழியில போன ஆளு.”

“முன்னப்பின்ன தெரியாதவனையா வீட்டுக்குள்ள விட்டே? பொம்பளப்பிள்ள இருக்குத வீட்டுல புத்தி வேண்டாமா?” என்றாள் ஹமீது பீவி.

யாரோ சிரித்தார்கள். சாலோமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வன்னியராஜ் நல்ல வயராக இழுத்து முடித்தபோது கூட்டம் கலைந்திருந்தது. எஸ்தர் இடது கையால் தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். அது தடுமாறுவதைப் பார்த்ததும் அவனுக்கு மறுபடி கோபம் வந்தது.

“பேரச் சொல்லுங்கக்கா. அவன் இனி இந்த ஊர்ல டெஸ்டரத் தொடக்கூடாது. எவனோ ஒருத்தனுக்காக நீங்க எதுக்கு ஊர்ப் பேச்சு வாங்குதீங்க?”

“விட்டுரு தம்பி. அவன் இப்பம் திருந்திட்டான்.”

“திருந்திட்டா ஆச்சா? பிள்ள கையப் பாருங்க! நீங்க சொல்லலன்னா நானே போலீசுல போய்ச் சொல்லுதேன்.”

சாலோமி வாசலை எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை. ஆனாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அம்மன் கோயில் கொடைத் திருவிழா அன்னைக்கு நல்லாக் குடிச்சிட்டு வந்து, உன் பையில கெடந்த வயர எடுத்து நீதான் தம்பி இழுத்துக் குடுத்தே. உனக்குத்தான் நெனவில்ல.”