இன்று முடி வெட்டினால் சண்டை

"இன்னிக்கு முடி வெட்டினா சண்டை வரும். நாள்காட்டில கொட்டை எழுத்துல போட்டிருக்கே, பாக்கலையா? போயிட்டு நாளைக்கு வா."

"பாத்துட்டுத்தான்க்கா வந்தேன். எனக்குச் சண்டை வரணும்."

டெல்கெர்மா தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். உலான்பாத்தர் நகரில் இருபது வருடமாக சலூன் நடத்துகிறாள். 'செல்வம் சேரும்' என்று நாள்காட்டி சொன்னால் படிக்கட்டு வரை கூட்டம் நிற்கும். 'சண்டை வரும்' என்று சொன்னால் ஈகூட எட்டிப் பார்க்காது. இன்று செவ்வாய்க்கிழமை வேறு. குழாய் பழுது என்று நகராட்சி வெந்நீரை நிறுத்திப் பத்து நாளாகிறது. கெட்டிலும் இந்தத் தேநீரைப் போட்டதோடு செத்தது. இந்த லட்சணத்தில், சண்டை வேண்டுமென்று கேட்டுக்கொண்டு ஒருவன் வந்து நிற்கிறான்.

அதுவும் யார்? சலூன் இருக்கிற அதே கட்டடத்தின் மூன்றாம் மாடி சுலூன். பெயருக்கு அர்த்தம் கல், ஆள் பாலாடை. பஸ் ஓட்டுகிறான். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால்கூட இறங்கிப் போய் மன்னிப்புக் கேட்கிற ரகம்.

"உனக்கு என்னடா தம்பி ஆச்சு?"

"வெள்ளிக்கிழமை என் பொண்ணு அனுஜினுக்குப் பட்டமளிப்பு விழாக்கா. எங்க வம்சத்துலயே முதல் பட்டம்."

"அடேயப்பா! அதுக்கும் சண்டைக்கும் என்ன?"

"ஒருத்தர்கிட்ட நான் ஒரு விஷயம் சொல்லணும். பதினோரு வருஷமா வாய் வரல. 'அதுக்குள்ள சொல்லலன்னா விழாவுக்கு வராதீங்கப்பா'ன்னுட்டா."

"பெத்த அப்பனையா? படிச்ச திமிரு!"

"திமிரு இல்லக்கா. பாத்துப் பாத்து நொந்துட்டா. நான் போகணும்க்கா. அவ மேடை ஏறுறத நான் பாக்கணும்."

டெல்கெர்மாவுக்கு நெஞ்சு இளகிவிட்டது. அவனை நாற்காலியில் தள்ளி உட்கார வைத்து, கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டினாள்.

"யாரு அது? உன் பொண்டாட்டியா?"

"ஐயோ, அவளும் பொண்ணு கட்சிதான்."

"அப்ப வெளி ஆளா?"

"வெளி ஆளுன்னு எப்படிச் சொல்றது... ஒரே கூரைக்குக் கீழதான் இருக்கோம். அக்கா, காதுகிட்ட மட்டும் கொஞ்சம்..."

"தெரியும், தெரியும். உன் தலை எனக்குத் தெரியாதா? நீ விஷயத்தைச் சொல்லு." மெஷின் உறுமியது. ஒரே கூரை. பொண்டாட்டி இல்லை. அப்படியென்றால் மாமியார்தான்! டெல்கெர்மாவுக்கு நாளே இனித்துவிட்டது. "வாயாடியோ?"

"ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாங்க. நான் சொல்றது காதுல விழாது. அவங்க நினைச்சதத்தான் செய்வாங்க."

"எனக்கு இந்த ஜாதி ஆளுங்களைக் கண்டாலே ஆகாது."

"ஆனா ரொம்ப நல்லவங்கக்கா. என் மேல உசுரு. சங்கடப்படுவாங்களேன்னுதான் ஒவ்வொரு தடவையும் தலைய ஆட்டிட்டு வந்துடறேன்."

"அதான்டா தப்பு!" அவள் மெஷினை நிறுத்திவிட்டு எதிரே வந்து நின்றாள். "பதினோரு வருஷமா பொய்யா தலையாட்டறதுக்குப் பேரு பாசமா? அது ஏமாத்து வேலை. அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தா எப்பவோ திருந்தியிருப்பாங்க."

"அழுதுடுவாங்களோ?"

"அழட்டுமே. அழுதா செத்தா போவாங்க? எங்க, என்னைப் பாத்து அந்த விஷயத்தைச் சொல்லிப் பாரு."

சுலூன் வாயைத் திறந்தான். காது இரண்டும் சிவந்தன. மூடிக்கொண்டான்.

"பாத்தியா! என்கிட்டயே வர மாட்டேங்குது. நிமிந்து உக்காரு. கண்ணைப் பாரு. சுத்தி வளைக்காத. மன்னிப்புக் கேக்காத. போட்டு உடை."

"கோவத்துல அப்புறம் என்கூடப் பேசாமப் போயிட்டா?"

"உண்மையான ஆளா இருந்தா பேசுவாங்க. நான்லாம் மூஞ்சிக்கு நேரா சொல்றவனைத்தான் மனுசன்னே மதிப்பேன். முதுகுக்குப் பின்னால சிரிக்கறவனை வாசப்படி ஏத்த மாட்டேன்."

"நிஜமாவாக்கா?"

"எங்கம்மா மேல சத்தியமா!"

அவன் ஒரு பெருமூச்சு விட்டான். டெல்கெர்மா அதற்குப்பின் இன்னும் ஆசையாகவே வெட்டினாள். இடது பக்கம் எடுத்தாள், வலது பக்கம் எடுத்தாள், மறுபடி இடது பக்கம் எடுத்தாள். இந்தப் பயல் வெள்ளிக்கிழமை மகளோடு நிற்கும்போது ராஜா மாதிரி நிற்க வேண்டும். பிடரியில் பவுடர் போட்டுத் தட்டினாள்.

"தைரியம் வந்துடுச்சா?"

"வந்துடுச்சுன்னுதான் நினைக்கறேன்க்கா."

"வீட்டுப் படி ஏறுறதுக்குள்ள தண்ணியாப் போயிடப் போகுது. சூடு ஆறதுக்கு முன்னால சொல்லிடணும், தெரியுதா?"

"சரிக்கா."

அவள் கைக்கண்ணாடியை எடுத்து அவன் பிடரிக்குப் பின்னால் பெருமையோடு பிடித்தாள். "எப்படி? அசத்திட்டேன்ல?"

சுலூன் துணியைக்கூட அவிழ்க்காமல் எழுந்து நின்றான். நிமிர்ந்தான். அவள் கண்ணை நேராகப் பார்த்தான்.

"நல்லா இல்லக்கா. இந்தப் பதினோரு வருஷத்துல ஒரு தடவைகூட நல்லா இல்ல."