மானும் மானமும்

"கையை உள்ள வைங்க," என்று அதட்டினாள் வழிகாட்டி.

அவர் சமர்த்தாகக் கையை மடக்கிக்கொண்டார். போன வருடம் மானைப் பார்த்து விசிலடித்ததில், பாதிக் காட்டிலேயே வண்டியைத் திருப்பிவிட்டார்கள். மானால் போன மானத்தை இந்த முறை மீட்டாக வேண்டும்.

"சிப்ஸ் கவரைக் கீழ போடாதீங்க."

"சரிங்க மேடம்."

"உஷ்... புலி வருது. அசையாதீங்க."

அவர் மூச்சை அடக்கினார். புலி நேராக அவர் முன்னால் வந்து நின்றது.

"யாருடி புலி? நாளைக்குக் காட்டுக்குக் கிளம்பணும். துணி மடிக்கக் கூப்பிட்டா, அப்பாவும் பொண்ணும் சோபாவுல ஒத்திகையா?"

அவர் குதித்திறங்கி, துணிக்குவியலை நோக்கி ஓடினார்.

"ஃபெயில்ப்பா," என்றாள் மகள். "புலி வந்தா ஜீப்பை விட்டு இறங்கக் கூடாதுன்னு எத்தனை தடவை சொன்னேன்."