இறங்கியவர்களுக்கும் சேருமா

நிஷா இறங்கி உள்ளே போய்விட்டாள். வேதகிரி ட்ரிப்பை முடிக்கவில்லை.

போனில், சவாரி ஆப்பின் பச்சைப் பட்டை அவன் கட்டைவிரலுக்காகக் காத்திருந்தது. இடமிருந்து வலமாக ஒரு தள்ளு தள்ளினால் போதும். தினமும் யோசிக்காமல் எத்தனையோ முறை தள்ளுகிற தள்ளுதான்.

ஆஸ்பத்திரி வாட்ச்மேன் விசில் ஊதினார். வாசலை விட்டு ஆட்டோவை எடுத்து, மதிலோரம் தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்தினான். போனில் வழி காட்டும் படத்திலிருந்த சின்ன வண்டியும் கொஞ்சம் ஊர்ந்து நின்றது. படத்தில் மரம் இல்லை. அது மட்டும் வெயிலில் நிற்பது போலிருந்தது.

முடிக்கச் சொல்லித்தான் அவளும் இறங்கினாள். ஒரு கை இடுப்பில், இன்னொரு கையில் ஒயர்கூடை. "முடிச்சிடுய்யா, காசு ஏறிக்கினே போவுது" என்றாள். முதல் பஸ்ஸிலேயே வந்து காத்திருந்த அவள் அம்மா சிட்டம்மாள் கூடையை வாங்கிக்கொண்டு, பிரசவ வார்டுப் பக்கம் அவளை மெல்ல நடத்திக்கொண்டு போனாள்.

பெண்டாட்டியைப் பிரசவத்துக்குச் சேர்க்கச் சொந்த வண்டியையே ஆப்பில் புக் செய்யச் சொன்ன ஆள் உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

எல்லாம் சசிரேகாவால் வந்தது. உத்திரமேரூரில் வண்டிகளுக்கு இன்சூரன்ஸ் போட்டுத் தருகிறவள் அவள். ட்ரிப் ஓடும்வரை பின்சீட்டில் இருப்பவருக்கு ஆப் கம்பெனியின் காப்பு உண்டு, ட்ரிப் இல்லாமல் ஆள் ஏற்றினால் கிடையாது, அதற்குத்தான் எக்ஸ்ட்ரா பாலிசி என்று போன வாரம் பொறுமையாகச் சொன்னாள். நாள் முழுக்க ட்ரிப்பில் கிடக்கிறவனுக்கு அது தண்டம் என்று சொல்லிவிட்டு வந்தான்.

வந்த பிறகு தூக்கம் போய்விட்டது. நிஷாவை ஏற்றிப் போகும் நாள் ட்ரிப் இல்லாத நாளாயிற்றே.

அதனால் இன்று காலை திருப்புலிவனத்தில், வண்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே அவளை புக் செய்யச் சொன்னான். முதலில் வேறு யாருடைய வண்டியோ வந்தது. கேன்சல் செய்தாள். அடுத்ததாக அவன் போன் அடித்தது.

"ஓடிபி சொல்லுங்க மேடம்."

"மேடமா? வூட்ல ஒரு நாளாவது இப்டி கூப்ட்டுக்கிறியா நீ?"

நம்பரைச் சொல்லிவிட்டுப் பின்சீட்டு முழுக்கத் தனக்கே என்று சாய்ந்துகொண்டாள்.

அறுவடை முடிந்திருந்தது. ரோட்டில் பாதி நெல்லுக்கு, பாதி வண்டிகளுக்கு. நெல்லின் ஓரத்தில் யாரும் ஏறிவிடாதபடி கருங்கற்களை வைத்து மறித்திருந்தார்கள். ஓரிடத்தில் எதிரே லாரி வந்து வழி அடைத்துக்கொண்டது. காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த பெண்கள் குனிந்து பின்சீட்டைப் பார்த்தார்கள். பார்த்ததும் கற்களை நகர்த்திவிட்டு, நெல் மேலேயே ஏறிப் போகச் சொன்னார்கள்.

நெல் வழுக்கும். ஊர்ந்தான். சக்கரத்துக்கடியில் தூரத்து மழை போல ஒரு சத்தம். நிஷா கண்ணை மூடிக்கொண்டாள்.

ஏரிக்கரையில் திரும்பியபோது, படத்தில் அவர்களுடைய சின்ன வண்டி கரையை விட்டு விலகித் தண்ணீர் மேல் போய்க்கொண்டிருந்தது. வேதகிரிக்கு அது பிடித்திருந்தது. சுற்றிலும் நீலம். லாரி இல்லை, கல் இல்லை, மோதுவதற்கு எதுவுமே இல்லை. அப்படியே போய்க்கொண்டிருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது.

மரத்தடியில் போன் அடித்தது. சசிரேகா. பழைய பாலிசி இன்றோடு முடிகிறது, எக்ஸ்ட்ரா வேண்டுமா வேண்டாமா என்று ஒரே வார்த்தையில் சொல்லச் சொன்னாள்.

அவன் பிரசவ வார்டின் ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அது போட்டா, வண்டிய வுட்டு எறங்கனவங்களுக்கும் சேருமாம்மா?"

"எறங்கிட்டா அப்பால இன்னாண்ணா? உள்ள குந்திக்கினு கீறவங்களுக்குத்தான்."

சரி, போட்டுவிடு என்றான். திரும்பிப் போகும்போது வேண்டும். வண்டிக்கு ஒரு காப்பு, ரோட்டுக்கு ஒரு காப்பு. அந்த ஜன்னல்களுக்குப் பின்னால் நடப்பதற்கு மட்டும் எவரிடமும் பாலிசி இல்லை.

ட்ரிப் ஓடினால் மீட்டர்தான் ஓடும், வேறெதுவும் இல்லை என்பது அவனுக்கும் தெரியும். ஆனாலும் கட்டைவிரல் பட்டைக்கு மேலேயே நின்றது.

போன வருஷமும் இதே வாசலில்தான் அவளை இறக்கிவிட்டான். இதே ஒயர்கூடைதான். திரும்பும்போது அவளும் கூடையும் மட்டும் பின்சீட்டில் ஏறினார்கள். கூடைக்குள் பழைய சேலையில் கிழித்துத் தைத்த சின்னச் சின்னத் துணிகள், வைத்த மடிப்புக் கலையாமல் இருந்தன.

வண்டி வெகு நேரமாக நகரவில்லை, பயணம் முடிந்துவிட்டதா என்று ஆப் கேட்டது.

இல்லை என்பதைத் தொட்டான்.

மரத்திலிருந்து ஒரு காய் கண்ணாடி மேல் விழுந்து உருண்டது. போன் மறுபடி அதிர்ந்தது. கட்டணம் பற்றி ஏதோ கேட்கிறது என்று நினைத்துத்தான் எடுத்தான்.

பயணி சேருமிடத்தை மாற்றியிருக்கிறார் என்று இருந்தது. அவன் ட்ரிப்பை முடிக்காததை உள்ளே நிஷாவும் தன் போனில் பார்த்திருக்கிறாள்.

ஆஸ்பத்திரி வாசலில் நின்றுபோயிருந்த, வழி காட்டும் நீலக்கோடு அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீண்டது. ஏரியின் மேல் போய், நெல் காயும் ரோட்டைத் தாண்டி, திருப்புலிவனத்தில் அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றது.