மாப்பிள்ளை உட்காரவில்லை

"அம்மணியப் பின்கட்டுல வெச்சுக் கதவச் சாத்துடி. அது வாயத் தொறந்தா இந்தச் சம்பந்தமும் போச்சு!"

தாண்டவராயன் அடிக்குரலில் சொன்னார். மனைவி கோவிந்தம்மாள் நான்கு வயதுக் கடைக்குட்டியை இடுப்பில் அள்ளிக்கொண்டு ஓடினாள். மூத்த மகள் கிருஷ்ணவேணியைப் பெண் பார்க்க வந்த திண்டிவனத்துக்காரர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

அம்மணிக்குக் கீரிப்பூச்சி. இரவெல்லாம் பின்பக்கத்தைச் சொறிவாள். தூக்கத்தில் பல்லைக் கடிப்பாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு, ரைஸ் மில் ஓடுவதாக நினைத்து, ஒருவர் நெல் மூட்டையோடு வந்து வாசலில் நின்றார். விழுப்புரத்தில் இதை நம்பாதவர்கள் அந்தத் தெருவில் ஓர் இரவு தங்காதவர்கள்.

முதலில் நகத்தை வெட்டச் சொன்னார் டாக்டர். செவ்வாய் ஆகாது, வெள்ளி ஆகாது, அமாவாசை ஆகாது, தாண்டவராயனின் ஜன்ம நட்சத்திரத்தன்று பிளேடையே கண்ணால் பார்க்கக் கூடாது. பஞ்சாங்கத்தின் தயவில் அம்மணியின் நகக்கண்ணில் பூச்சி முட்டைகள் சௌக்கியமாகக் குடித்தனம் நடத்தின.

போன வாரம் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். "வீட்ல இருக்கற எல்லாரும் ஒரே நாள்ல மாத்திரை போடணும். துணிமணிய வெந்நீர்ல அலசுங்க. நகத்த இன்னிக்கே வெட்டுங்க."

"எனக்கெதுக்கு டாக்டர்? நான் ஏர் ஓட்டுற ஆம்பள."

"பூச்சிக்கு ஆம்பள பொம்பள தெரியாதுங்க. இது வராத வீடு இல்ல. வெளிய சொல்ற வீடுதான் இல்ல."

முந்தாநாள் எல்லோரும் விழுங்கினார்கள். ஏர் ஓட்டுகிற ஆம்பளைக்கு மட்டும் மாத்திரையோடு இரண்டு சொம்பு தண்ணீர் தேவைப்பட்டது.

இப்போது கூடத்தில் மாப்பிள்ளை சீனுவாசன் நாற்காலியில் உட்கார்ந்தார். உடனே எழுந்தார்.

"ஒக்காருங்க மாப்ள."

"பஸ்ல ஒக்காந்துகினுதான வந்தேன்."

மறுபடி உட்கார்ந்தார். ஒரு பக்கமாகச் சாய்ந்தார். மறுபக்கம் சாய்ந்தார். எழுந்தார்.

"கரண்ட் ஆபீஸ்ல வேலைங்க. கம்பத்துலயே நின்னு பழகிட்டான்" என்றாள் அவருடைய தாய் லட்சுமியம்மாள், மகனின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே.

தாண்டவராயனின் மனசு சுருங்கியது. பெண் இன்னும் வரவே இல்லை, அதற்குள் கிளம்பத் துடிக்கிறானே. தை மாசம் வந்த கூட்டமும் இப்படித்தான் அரை மனசாக உட்கார்ந்துவிட்டு, ஊருக்குப் போய்ச் சொல்கிறோம் என்று போனது. இன்னும் சொல்லவில்லை.

கிருஷ்ணவேணி கேசரியோடு வந்தாள். சீனுவாசன் அவளைப் பார்த்துச் சிரித்தார். கேசரிக்குக் கை நீட்டினார். லட்சுமியம்மாள் கண்ணை உருட்டினாள். நீட்டிய கை அப்படியே திரும்பிப் போனது.

இனிப்பைத் தொடவில்லை. முடிந்தது என்று நினைத்துக்கொண்டார் தாண்டவராயன்.

அந்த நேரம் பார்த்துக் கோவிந்தம்மாள் காபி எடுக்கப் பின்கட்டுக் கதவைத் திறந்தாள். அவள் காலிடுக்கில் புகுந்து வந்த அம்மணி, கூடத்தின் நடுவில் நின்று, பாவாடையோடு சேர்த்துப் பின்பக்கத்தை ஒரு பிடி சொறிந்தாள்.

"எங்க வூட்டுல எல்லாரும் பூச்சி மாத்திரை துன்னோம்" என்றாள் பெருமையாக. "அக்காகூடத் துன்னுச்சு. அப்பா மட்டும் மாட்டேன்னு அடம் புடிச்சுது."

தாண்டவராயனுக்குத் தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது. விழுப்புரத்தில் ஏறுகிற பேச்சு திண்டிவனத்தில் இறங்குவதற்குள் ஒன்பது ஊருக்குத் தெரிந்துவிடும். பூச்சிக்காரக் குடும்பம் என்று பெயர் விழுந்தால் கிருஷ்ணவேணியை எவன் கட்டுவான்?

"குழந்தை ஏதோ ஒளறுதுங்க..." என்று ஆரம்பித்தார்.

லட்சுமியம்மாள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. "உனக்குமா பூச்சி?" என்று பெண்ணையே கேட்டாள்.

பொய் சொல்லேன்டி என்று தாண்டவராயன் கண்ணால் கெஞ்சினார்.

"தெரியலீங்க" என்றாள் கிருஷ்ணவேணி. "பாப்பா என் பாய்லதான் படுக்கும். ஒருத்தருக்கு வந்தா எல்லாரும் ஒண்ணா மாத்திரை போடணுமாம். இல்லாட்டி ஒருத்தர்கிட்டருந்து ஒருத்தருக்குச் சுத்திக்கினே இருக்குமாம். ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு தபா போடணும்."

"கையக் காட்டு."

காட்டினாள். லட்சுமியம்மாள் ஒவ்வொரு விரலாகப் பிடித்து நகத்தைப் பார்த்தாள். ஒட்ட வெட்டிய நகங்கள்.

"பெரியவங்களுக்கும் வருமாமா?"

"வருமாம்ங்க. வெக்கப்படற விஷயமே இல்லன்னாரு டாக்டர்."

லட்சுமியம்மாள் விருட்டென்று எழுந்தாள். "கொஞ்சம் உள்ள வாங்க. தனியாப் பேசணும்."

வேண்டாம் என்பதைச் சபையில் சொல்லாமல் தனியாகச் சொல்கிற அளவுக்காவது மரியாதை தெரிந்த பொம்பளை என்று எண்ணியபடி, தாண்டவராயன் அவள் பின்னாலேயே அடுப்பங்கரைக்குப் போனார். கோவிந்தம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

லட்சுமியம்மாள் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். குரலைத் தாழ்த்தினாள்.

"சம்பந்தி, அந்த மாத்திரை பேரச் சொல்லுங்க. திண்டிவனத்துல கேட்டா மானம் போயிடும். எம்பொண்ணோட பசங்க மூணும் மாமன் பாய்லதான் படுக்குதுங்க. பொண்ணு பாக்கப் போன எடத்துல எல்லாம் இவனால அஞ்சு நிமிஷம் ஒக்கார முடியல."

கதவிடுக்கில் பார்த்தார் தாண்டவராயன்: மாப்பிள்ளை மறுபடியும் நாற்காலியை விட்டு எழுந்துகொண்டிருந்தார்.